மாமாவும் மருமகனும் ஒரே அட்டையும்



ஆரல்வாய்மொழியில் நான் பார்த்த இரண்டு பேரின் கதை இது. அவர்களின் சம்மதத்தோடு, சில அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். இதில் என் தவறும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலாமவர் முப்பந்தல் பக்கம் காற்றாலையில் பராமரிப்பு வேலை பார்க்கும் தம்பி. வயது 27.

"டாக்டரே, மேல ஏறி அரை மணிக்கூர்ல வயிறு முறுக்கும். அங்க எங்க போக? அதுக்குப் பயந்தே காலைல ஒண்ணும் திங்கறதில்ல. வேலைய விட்ரலாமான்னு இருக்கு."

இரண்டு வருடமாக இதே பாடு. போய் வந்தால் வலி குறையும். சில நாள் நாலு தடவை, சில நாள் ஒன்றுமே இல்லை. பெரிய கவர் நிறைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கொலனோஸ்கோப்பி. எல்லாம் நார்மல். கடைசித் தாளில் ஐ.பி.எஸ். என்று எழுதியிருந்தது.

"நான் ஐ.பி.எஸ். ஆகணும்னு எங்கம்மைக்கு ஆசைதான். இப்படி ஆவேன்னு அவ நெனைக்கல" என்று சிரித்தார். பிறகு தலை குனிந்து, "எல்லாம் நார்மல்னா எனக்கு ஏன் வலிக்கி? வீட்ல நடிக்கேன்னு சொல்லுதாவ" என்றார்.

நியாயமான கேள்வி. இந்த ஐ.பி.எஸ். என்பது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. ஆனால் குடலின் தசை தேவைக்கு மேல் இழுத்துப் பிடிக்கும். குடலுக்கும் மூளைக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் நரம்புகள் சின்ன அசைவைக்கூட வலியாகச் சொல்லும். கேமரா குடலின் உள்சுவரைக் காட்டும், இந்த வலியைக் காட்டாது. வலி நிஜம்தான், நடிப்பு இல்லை. இதை அவர் வீட்டாரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

மருந்தாகப் பெப்பர்மின்ட் ஆயில் காப்ஸ்யூல் எழுதினேன். இது புது விஷயம் இல்லை. 1979லேயே வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் டாக்டர்கள் இதைச் சோதித்துக் கட்டுரை எழுதினார்கள். அதில் உள்ள மென்தால், குடல் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுக்கிறது. கால்சியம் நுழையாவிட்டால் தசை இறுகாது, பிடிப்பு தளரும்.

"அப்போ வீட்டுப் புதினாத் துவையல் போதுமா?" என்று கேட்பீர்கள். துவையல் நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் நம் சமையல் புதினா வேறு வகை. அதில் மென்தால் மிகக் குறைவு. தைலக் குப்பியில் இருப்பதைக் குடிப்பதோ ஆபத்து, அது வெளியே தேய்க்க மட்டும்.

ஒரு வாரத்தில் தம்பி திரும்பி வந்தார். "நெஞ்சு எரியி டாக்டரே, இந்தக் குளிகை எனக்குக் கொள்ளாது."

விசாரித்தால், காப்ஸ்யூல் பெரிதாக இருக்கிறதென்று கத்தரியால் வெட்டி, வெந்நீரில் பிழிந்து குடித்திருக்கிறார்! தவறு அவருடையது இல்லை. முழுசாக விழுங்கணும் என்று நான் சொல்லவில்லை.

அந்த மேலுறைதான் இந்த மருந்தின் உயிர். அது வயிற்று அமிலத்தில் கரையாமல் சிறுகுடலுக்குப் போய்த்தான் கரையும். உடைத்தால் எண்ணெய் இரைப்பையிலேயே கொட்டி, உணவுக்குழாயின் கீழ் வாயைத் தளர்த்திவிடும். அமிலம் மேலே ஏறி நெஞ்சு எரியும். ஆன்டாசிடோடு சேர்த்துப் போட்டாலும் உறை சீக்கிரம் கரையும். அதனால் மெல்லாமல், உடைக்காமல், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு தண்ணீரோடு விழுங்க வேண்டும். ஏற்கெனவே நெஞ்செரிச்சல், பித்தப்பைக் கல் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது.

சரியாக எடுத்த பிறகு, நாலு வாரத்தில் வலி வரும் நாட்கள் பாதியாகக் குறைந்தன. முழுசாகப் போகவில்லை. ஆனால் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார். அவருக்கு அதுவே பெரிய விஷயம்.

இது அதிசய மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். நெதர்லாந்தில் சுமார் 190 பேரிடம் 8 வாரம் நடந்த ஆய்வு 2020ல் வெளியானது. சிறுகுடலில் கரையும் காப்ஸ்யூல் எடுத்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு வலி கணிசமாகக் குறைந்தது. மருந்தே இல்லாத போலி காப்ஸ்யூல் எடுத்தவர்களிலும் 34 சதவீதம் பேருக்குக் குறைந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற வரம்பைத் தாண்டவில்லை. வேறு சில அளவீடுகளில் பலன் தெரிந்தது. 2021ல் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கம், சான்றுகள் வலுவாக இல்லை என்று சொல்லியே இதைப் பரிந்துரைத்தது. சிலருக்கு உதவும், அவ்வளவுதான்.

இனி இரண்டாமவர். அந்தத் தம்பியின் தாய்மாமா. வயது 54.

"மருமவனுக்குக் குடுத்த குளிகை எனக்கும் நல்லாக் கேட்டுது டாக்டரே. ஒரு அட்டை எழுதித் தாங்க."

ஒன்றரை மாதமாக மருமகனின் அட்டையிலிருந்து எடுத்து விழுங்கியிருக்கிறார். "எடை குறைஞ்சிருக்கா அண்ணாச்சி?" என்றேன். "வேட்டிய இறுக்கி இறுக்கிக் கெட்டுகேன்" என்றார். ரத்தம்? "அது மூலம்தான். கொஞ்ச நாளா இருக்கு."

கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. மாத்திரை எழுதவில்லை. நாகர்கோவிலுக்குக் கொலனோஸ்கோப்பிக்கு அனுப்பினேன். பெருங்குடலில் கட்டி. புற்றுநோய்.

அறுவை சிகிச்சை முடிந்து இப்போது நடமாடுகிறார். ஆனால் அந்த ஒன்றரை மாதம் என்னை உறுத்துகிறது. வலி கொஞ்சம் குறைந்ததால்தான் அவர் வராமல் இருந்தார். பிடிப்பைத் தளர்த்தும் மருந்துக்கு, பிடிப்பு ஏன் வந்தது என்று தெரியாது. "வேறு யாருக்கும் கொடுக்காதீங்க" என்று ஒரு வார்த்தை நான் தம்பியிடம் சொல்லியிருக்கலாம்.

இப்போது யாருக்கு இதை எழுதினாலும் இரண்டையும் சொல்கிறேன்: உடைக்காதீங்க, பங்கு வைக்காதீங்க.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, குடும்பத்தில் குடல் புற்றுநோய், 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மாற்றம். இதில் ஒன்று இருந்தாலும் "கேஸ்தான்", "மூலம்தான்" என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள். முதலில் பரிசோதனை, பிறகு காப்ஸ்யூல்.

உங்கள் வீட்டில் வேட்டியை இறுக்கிக் கட்டும் மாமா யாராவது இருந்தால், இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.