டிட்டானோ மலைமேல் ஒரு குடியரசு

பொலோன்யாவில் வேலை பார்த்த காலத்தில், சனிக்கிழமை விடிந்தாலே நண்பர்களோடு காரை எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவோம். அப்படிப் போன ஊர்களில் பாதி இன்று ஞாபகத்தில் இல்லை. சான் மரினோ மட்டும் அப்படியே இருக்கிறது.

ரிமினி வரைக்கும் நெடுஞ்சாலை, சொல்ல ஒன்றுமில்லை. அங்கே கடலை முதுகுக்குப் பின்னால் விட்டுத் திரும்பியதும் எதிரே டிட்டானோ மலை, அதன் முகட்டில் மூன்று கோபுரங்கள். 'சுதந்திரத்தின் தொன்மையான மண்ணுக்கு நல்வரவு' என்று இத்தாலிய மொழியில் எழுதியிருந்ததைக் கடந்தோம். அதுதான் எல்லை. யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. நான்கு புறமும் இத்தாலி சூழ்ந்த இந்த நாட்டின் மொத்தப் பரப்பே 61 சதுர கிலோமீட்டர்தான்! போர்கோ மஜோரேயில் காரை நிறுத்திவிட்டு, கேபிள் காரில் மேலே போனோம்.

கி.பி. 301-ல் மரினுஸ் என்ற கல்தச்சர் இங்கே வந்து ஒதுங்கியதில் தொடங்குகிறது இவர்களுடைய கதை. அது ஐதீகம்தான். ஆனால் முதல் கோபுரமான குவாய்த்தா கோட்டையின் அடியில் நின்றபோது நம்பத் தோன்றியது. பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கையால் தடவிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே செங்குத்தான மர ஏணியில் ஏறித் தலையை நீட்டினால் ஒரு பக்கம் ஏட்ரியாட்டிக் கடல், மறுபக்கம் அபெனைன் மலைகள். அங்கிருந்து செஸ்தா கோபுரத்துக்குப் போகும் முகட்டுப் பாதையில் காற்று ஆளையே தள்ளியது. பெரும்பாலானவர்கள் அந்த இரண்டாவது கோபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். மரங்களுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் நடந்து மொந்தாலேவையும் பார்த்துவிட வேண்டும். தரையிலிருந்து எட்டாத உயரத்தில்தான் அதற்கு வாசல்; ஒரு காலத்தில் சிறையாக இருந்த கோபுரம்.

என் மனதில் ஆழமாகப் பதிந்தது கோபுரங்கள்கூட இல்லை, ரயில் சுரங்கம். ரிமினியிலிருந்து இந்த மலைமேல் 1932-ல் ரயில் விட்டிருக்கிறார்கள். பன்னிரண்டே ஆண்டுகள்தான் ஓடியது. 1944-ல் போர் அதை முடித்துவைத்தது. போர்முனை நெருங்க நெருங்க, சுற்றுவட்டார இத்தாலியர்கள் இந்த நடுநிலை நாட்டுக்கு ஓடிவந்தார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இந்நாட்டு மக்களைப்போலப் பல மடங்கு! அவர்களில் எத்தனையோ பேர் இந்தச் சுரங்கங்களில்தான் படுத்து எழுந்தார்கள். அவற்றில் ஒன்றின் வாயில் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. 1797-ல் நெப்போலியன் கூடுதல் நிலம் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்றவர்கள் இவர்கள். 1849-ல் துரத்தப்பட்டு வந்த கரிபால்டிக்கு இடம் கொடுத்தவர்களும் இவர்களே. இருக்கிற இடம் போதும் என்றவர்கள்தான், வந்தவர்களுக்கெல்லாம் அதில் இடம் கொடுத்தார்கள். இதைவிடப் பெரிய நாடு எதையும் நான் பார்த்ததில்லை.

இன்னொரு முறை போக வாய்த்தால் ஏப்ரலிலோ அக்டோபரிலோ போக வேண்டும். அரசுத் தலைவர்கள் இங்கே ஒருவரல்ல, இருவர். பதவிக்காலம் ஆறே மாதம். ஏப்ரல் 1, அக்டோபர் 1 தேதிகளில் புதியவர்கள் பொறுப்பேற்கிறார்கள். அடுத்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, குடிமக்கள் அரசு மாளிகைக்கு வந்து தங்கள் கோரிக்கை மனுக்களை அவர்களிடம் கொடுக்கலாம். இது பல நூற்றாண்டு வழக்கம். மனு கொடுக்க வருகிறவர்களை, அந்த மாளிகையின் முன்னுள்ள சதுக்கத்தில் நின்று ஒருமுறை பார்க்க வேண்டும்.