பட்டப் பகலில் விளக்கு

பகலில் விளக்கேற்றிக்கொண்டு போவது பைத்தியக்காரத்தனம் என்பது என் சம்சாரத்தின் அபிப்பிராயம். ஸ்வீடன் தேசத்தார் 1977-லேயே அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். ஐரோப்பிய யூனியனில் 2011 முதல் புது மாடல் கார்களுக்குக் கட்டாயம். நாம் பார்ப்பதற்கல்ல அந்த விளக்கு, நம்மைப் பிறர் பார்ப்பதற்கு. என் காரோ சாம்பல் நிறம். மழை நாளில் தார் ரோட்டிலிருந்து அதைப் பிரித்தறிய ஞானக்கண் வேண்டும். போன மாதம் ஒரு லாரி பஸ்ஸை முந்திக்கொண்டு நேரே எங்கள் மேல் வந்தது. பின் ஸீட்டில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். ஓரத்து மண்ணில் இறங்கித் தப்பினோம்.

எலெக்ட்ரீஷியன் பையன் கெட்டிக்காரன். "பாட்டரியிலிருந்து நேரே கொடுத்தால் வண்டி நின்ற பிறகும் எரியும், சார். ரெண்டு ராத்திரி விட்டால் அப்புறம் தள்ளத்தான் வேணும்" என்றான். சாவி திருப்பினால் மட்டும் உயிர்பெறும் ஒயரைத் தேடிப் பிடித்து, அதைக்கொண்டு ரிலேயை இயக்கினான். பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ப்யூஸ். ஹெட்லைட் போட்டதும் இது அணைய வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரியில் எதிரே வருபவன் கண் கூசும். அந்த ஓர் இணைப்புக்கே ஒரு மணி நேரம் பிடித்தது.

ஒயரைக் கீறி, முறுக்கி, டேப் சுற்றும் வழக்கத்தை மட்டும் நான் ஒப்பவில்லை. ஸால்டர் வைக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே வைத்தான்.