மழைக்காலத்துச் சுத்த தன்யாசி

அங்கிள் வீட்டுப் பியானோவுக்குள் எப்போதும் ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு எரிந்துகொண்டிருக்கும், ஈரம் ஏறாமலிருக்க. அப்படியும் ஐப்பசி பிறந்தால் நடுவிலிருக்கும் ஒரு கறுப்புக் கட்டை அமுங்கினது அமுங்கினபடியே கிடக்கும்.

ஆவடியில் தண்டவாளத்தை ஒட்டிய ஓட்டு வீடு. பெரம்பூரில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்தியர் அவர். வாலிபத்தில் ரயில்வே இன்ஸ்டிடியூட் டான்ஸ்களுக்கு வாசித்தவர். என் அப்பா விஜயந்தா டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கிரேடு எக்ஸாம் பாஸ் பண்ணினால் பையன் சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் நுழைந்துவிடலாம் என்ற கணக்கில் 1983-இல் என்னை அங்கே சேர்த்துவிட்டார். அங்கிளோ ஒரே மாதத்தில் எக்ஸாம் புத்தகத்தை மூடிவிட்டு புளூஸுக்குத் தாவிவிட்டார்.

நாலைந்து ஸ்வரத் துணுக்கு ஒன்றை வாசித்துக்காட்டி, 'லிக்' என்பார். அப்பாவிடம் பாடிக் காட்டினேன். "நம்மாளுங்க பிடிம்பாங்கடா" என்றார். கச்சேரியில் வித்வான் வாயெடுத்ததுமே ராகத்தைக் காட்டிக்கொடுக்குமே, அந்தப் பிடி. அன்றிலிருந்து எனக்கும் அது பிடிதான்.

வாரம் ஒரு பிடி. அதைப் பன்னிரண்டு சுருதியிலும் வாசித்துக் காட்ட வேண்டும். அப்புறம் முதல் ஸ்வரத்தை விட்டுவிட்டு, அப்புறம் அரை எண்ணிக்கை தள்ளி எடுத்து. பியானோவில் கமகம் வராது. அதற்குப் புளூஸ்காரர்கள் ஒரு திருட்டுவழி வைத்திருக்கிறார்கள். கறுப்புக் கட்டையிலிருந்து பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு விரலை வழுக்கவிட வேண்டும். சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரத்தில் போய் விழும். எனக்கு அது வர மூன்று மாதம் ஆயிற்று.

இடது கை பன்னிரண்டு பார் ஓடிக்கொண்டே இருக்கும். ஸியில் நாலு, எஃப்பில் இரண்டு, மறுபடி ஸியில் இரண்டு, ஜி ஒன்று, எஃப் ஒன்று, கடைசி இரண்டு ஸி. வலது கை இரண்டு பார் பேசினால் இரண்டு பார் வாயை மூட வேண்டும். நான் மூடமாட்டேன். "இன்னா மேன், ரயில் எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கணும்ல?" என்பார்.

ரயில் சும்மா வாயில் வந்த உவமை இல்லை. சிகாகோவில் ரயில் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்த மீட் லக்ஸ் லூயிஸ், 1927-இல் 'ஹாங்கி டாங்க் டிரெயின் புளூஸ்' பதிவு செய்தார். அதில் இடது கை முழுக்கச் சக்கரம்தான். அந்த இசைத்தட்டைத் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் சென்ட்ரலுக்குப் போவோம். மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுக் கடைக்காரர் அங்கிளைக் கண்டதும் ஸ்டூலை நகர்த்திப் போடுவார். தட்டு கிடைத்தது, ஒரு பக்கம் கீறலோடு. கீறல் விழுந்த இடத்தில் ஊசி திரும்பத் திரும்ப ஒரே பிடியை வாசிக்கும். எனக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. இப்போது நூறு பிடி ஒரே நாளில் கைப்பேசியில் வந்து விழுகிறது. விழட்டும்.

1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அங்கிள் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுவருடம் மகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஓட்டு வீடு இருந்த இடத்தில் இன்று நான்கு மாடி.

அங்கிள் போவதற்கு முன் ஒரு நவம்பர் சாயங்காலம். மழை. கறுப்புக் கட்டை எழவில்லை. புளூஸில் இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து வரும். படுத்துவிட்டது பிரதி மத்யமம். அதைத் தாண்டித் தாண்டி அந்த வாரத்துப் பிடியை வாசித்துக்கொண்டிருந்தேன். குடையோடு என்னைக் கூட்டிப்போக வந்த அப்பா வாசலிலேயே நின்று கேட்டார். வழியில், "அவரு சுத்த தன்யாசிகூடச் சொல்லித் தர்றாராடா?" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்போது வீட்டில் இருப்பது மின்சாரக் கீபோர்டு. எந்தக் கட்டையும் படுக்காது. ஆனாலும் அந்தப் பிடி வரும்போது விரல் பிரதி மத்யமத்தைத் தொடாமல் தாண்டிவிடுகிறது.