ஓலைச்சுவடியும் காமா கதிரும்

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்திற்குப் போனால் சோழர் காலக் கோயில்களையும் அவற்றின் கல்வெட்டுகளையும் இன்றும் பார்க்கலாம். பக்கத்தில் உள்ள எண்ணாயிரத்தில், முதலாம் இராஜேந்திரன் காலத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி நடந்ததை அவ்வூர்க் கல்வெட்டு சொல்கிறது. தினமும் அளந்த நெல்லுக்குக்கூட அதில் கணக்கு உண்டு. ஆனால் அந்த மாணவர்கள் படித்த சுவடிகள் எங்கே?

கல் நின்றது. ஓலை நிற்கவில்லை!

ஓலைக்குப் பெரிய எதிரிகள் பூச்சியும் பூஞ்சையும்தான். நம் முன்னோர் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினார்கள், வசம்பு வைத்தார்கள். நைந்த ஏட்டைப் புது ஏட்டில் படியெடுத்தார்கள். படியெடுக்க ஆள் இல்லாமல் போனபோது நூலே போய்விட்டது.

பூச்சியையும் பூஞ்சையையும் ஒழிக்க இன்று அறிவியல் தரும் ஒரு வழி காமா கதிர். எகிப்து மன்னன் இரண்டாம் ராம்செஸின் உடல் சுமார் 3,200 ஆண்டு பழையது. அதில் பூஞ்சை பிடித்ததால் 1976ல் பாரிசுக்குக் கொண்டு சென்றார்கள். மறு ஆண்டு கோபால்ட்-60 கதிர் செலுத்தி அதைக் காப்பாற்றினார்கள்.

கதிர் பட்ட பொருளிலும் கதிரியக்கம் வந்துவிடாதா? வராது. இந்தக் கதிர் உயிர்களின் டி.என்.ஏ.வை உடைக்கும். பொருளின் அணுக்கருவை மாற்றும் அளவுக்கு அதற்கு ஆற்றல் கிடையாது. மும்பை டிராம்பேயில் 1974ல் தொடங்கிய ஐசோமெட் நிலையத்தில் மருத்துவப் பொருட்களைக் கிருமி நீக்கம் செய்ததும் இதே கதிரால்தான். பெட்டியைத் திறக்கவே வேண்டாம், விஷவாயுவும் மிஞ்சாது.

அதற்காக எல்லாச் சுவடிக்கும் கதிர் அடித்துவிட முடியாது. பூச்சிக்குச் சுமார் 1 கிலோகிரே போதும். பூஞ்சைக்கு 10 வரை தேவைப்படலாம். அளவு கூடக்கூட ஓலையிலும் காகிதத்திலும் உள்ள செல்லுலோஸ் இழை அறுபடும். திரும்பத் திரும்பச் செய்தால் சேதமும் சேரும். தவிர, கதிர் காவல் நிற்காது. ஈரமான அறையில் திரும்ப வைத்தால் பூச்சி மறுபடி வரும். ஆகவே மொத்தமாகப் பூஞ்சை பிடித்த கட்டுகளுக்கு, வேறு வழி இல்லாதபோது மட்டும் இது ஏற்றது.

பிரம்மதேசத்திலிருந்து புதுச்சேரி அதிக தூரமில்லை. அங்குள்ள சைவச் சுவடிகளை 2005ல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. கோயில்களிலும் குருக்கள் வீடுகளிலும் தேடிச் சேர்த்தவை அவற்றில் பல. இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்களில் கட்டுகள் கிடக்கின்றன. அவற்றைக் கீழே இறக்கி, தூசி தட்டி, படம் பிடித்து வைக்க அணு உலை எதுவும் தேவையில்லை. அந்த வேலை முதலில் நடக்கட்டும். கதிர் பிறகு வரட்டும்!