மச்சம் சொல்லும் சேதி

பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் இரண்டு எழுத வேண்டும் என்பது விதி. ஒவ்வொருவராக அழைத்தார் ஆசிரியர். ஒருவனுக்கு நெற்றியிலே தழும்பு; மற்றொருவனுக்கு முழங்காலிலே வெட்டுக்காயத்தின் வடு. ஏதும் கிடைக்காமல் விழித்தவர்களும் உண்டு. நம் முறை வந்தது. ஆசிரியர் திகைத்தார். இல்லாமையால் அல்ல, மிகுதியால்! கன்னத்திலே மூன்று, கழுத்திலே ஐந்து, கைகளிலோ எண்ணி மாளாது. "எதை எழுதுவது, எதை விடுவது?" என்று சிரித்தபடி, வலக் கன்னத்தில் ஒன்று, இடது முன்கையில் ஒன்று என எழுதி முடித்தார்.

சான்றிதழுக்கு மச்சம் ஓர் அடையாளம். அவ்வளவே! ஊருக்கு அது ஆரூடம்!

நல்வாழ்வு பெற்றவனைப் பார்த்து, "மச்சக்காரன்" என்பார்கள். "அவனுக்கென்ன, உடம்பெல்லாம் மச்சம்" என்பார்கள். நமக்கு உண்மையாகவே உடம்பெல்லாம் மச்சம்! எனினும், அரைச் சம்பளக் கட்டணத்துக்கு அப்பா கடன் வாங்கியதை அந்த மச்சங்கள் தடுக்கவில்லை. புயலடித்த ஆண்டு கூரை பறந்தபோது, அவை ஓர் ஓலையையும் திருப்பித் தரவில்லை. அக்காவுக்கு மேலுதட்டருகே ஒரு மச்சம். பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைச் சுவைத்துவிட்டு, "அந்த இடத்து மச்சம் கணவனுக்கு ஆகாது" என்று எழுந்து போனார்கள். ஒரே குடும்பம், ஒரே கறுப்புப் புள்ளி. ஆண் உடலிலே இருந்தால் யோகமாம், பெண் உடலிலே இருந்தால் தோஷமாம்! புள்ளி கறுப்பா, பார்த்த கண் கறுப்பா என்று கேட்க அன்று நமக்கு வயது போதவில்லை.

கேட்க வேண்டிய மற்றொரு கேள்வியையும் நாம் கேட்கவில்லை. அதற்காகத்தான் இன்றும் வருந்துகிறோம்.

சிற்றப்பா உழவர். செருப்பறியாத கால்கள். 1991ஆம் ஆண்டு, அவருடைய இடது குதிகாலிலே மிளகளவு கறுப்புப் புள்ளியொன்று தோன்றிற்று. அப்போது அவருக்கு வயது 48. பாட்டி பார்த்தார், பூரித்தார். "பாதத்திலே மச்சம் விழுந்திருக்கிறதடா, நீ கடல் கடந்து போவாய்" என்றார். சிற்றப்பா நம்பினார். சிங்கப்பூரிலே இருந்த உறவினருக்குக் கடிதமும் எழுதினார். நாமும்தான் மகிழ்ந்தோம், திரும்பும்போது பேனா வாங்கிவரச் சொன்னோம்.

புள்ளி வளர்ந்தது. மிளகு நாணயமாயிற்று. ஓரம், தாளிலே கொட்டிய மைபோலப் பரவிற்று. பிறகு வெடித்தது, கசிந்தது. யோகத்தின் பெயர் இப்போது மாறிற்று. "இது மரு" என்றார்கள். சுண்ணாம்பு வைத்தார்கள். உப்பும் மிளகும் வாங்கிக் கோயிலிலே கொட்டினார்கள். மரு என்பது ஒரு வைரசால் வருவது; பெரும்பாலான மருக்கள் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே மறைந்துவிடும். உடல் செய்த வேலைக்கு உண்டியல் கூலி வாங்குகிறது! ஆனால், சிற்றப்பாவின் காலிலே இருந்தது மரு அல்ல. உப்பு கரைந்தது, புண் கரையவில்லை. 1993இல் தொடையிடுக்கிலே நெறி கட்டிற்று. அதன் பிறகே நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். மெலனோமா எனும் கரும்புற்று என்றார்கள். "மிளகளவாக இருந்தபோதே வந்திருந்தால்..." என்று தொடங்கிய மருத்துவர், வாக்கியத்தை முடிக்கவில்லை.

1994இல் சிற்றப்பா மறைந்தார். கடல் கடக்கவில்லை அவர். ஊர் எல்லையைக் கடந்தார், நால்வர் தோளிலே.

அன்று இழவு வீட்டிலே ஒரு பெரியவர் சொன்னார்: "பெரும் பயணம் போய்விட்டான். மச்சம் பொய்க்கவில்லை பார்த்தீர்களா!"

தோழர்களே, சாத்திரத்தின் சாமர்த்தியம் இதுதான். சிங்கப்பூர் போனாலும் பலித்தது. சுடுகாடு போனாலும் பலித்தது! எது நடந்தாலும் பலித்ததாகச் சொல்லத்தக்க வாக்கு, எதையும் சொல்லாத வாக்கு. அந்த வாக்கை நம்பித்தான் ஓர் உயிரின் இரண்டு ஆண்டுகளை இழந்தோம்.

துக்கம் முடிந்ததும் வீட்டார் சோதிடரிடம் போனார்கள், தோஷம் தொடருமா என்று கேட்க! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்தாம். அவர் சோதிடரைத் தேடவில்லை. நோயை எதிர்க்க நிலையம் அமைத்தார். 1954ஆம் ஆண்டு அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. ஒரே துயரம், ஒரு வீட்டிலே அது பரிகாரத்துக்கு வழிதேடிற்று, மற்றொரு வீட்டிலே மருத்துவமனையாக வளர்ந்தது.

சாத்திரத்தை எள்ளி நகையாடும் பருவம் நமக்கும் வந்தது. மேடையேறினோம். மச்ச பலனைக் கிழித்தெறிந்தோம். அந்த அச்சம் போயிற்று என்று நினைத்தோம். போகவில்லை; வேறு வேடத்திலே வந்தது!

அண்மையில் ஓர் இரவு, மருத்துவக் கட்டுரை ஒன்றைப் படித்தோம். 15க்கும் குறைவான மச்சம் உள்ளோரைவிட, நூற்றுக்குமேல் மச்சம் உள்ளோருக்குக் கரும்புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு என்று 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறுவதாக அதில் இருந்தது. விளக்கைப் போட்டோம், கண்ணாடி முன் நின்றோம், எண்ணினோம். முதுகை வாழ்க்கைத் துணைவியார் எண்ணினார். மொத்தம் 117! அன்றிரவு உறக்கம் இல்லை. மறுநாளும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் சிற்றப்பாவின் குதிகாலாகத் தெரிந்தது. பிறர் உடலின் மச்சத்திலே எதிர்காலம் எழுதப்படவில்லை என்று முழங்கிய நாமே, நம் உடலின் மச்சத்திலே மரண ஓலையைப் படித்துக்கொண்டிருந்தோம். பஞ்சாங்கம் போய்ப் புள்ளிவிவரம் வந்தது. நடுக்கம் மட்டும் பழைய நடுக்கம்!

நடுங்குவது பகுத்தறிவு ஆகாது; நாடிச் சென்று கேட்பதே பகுத்தறிவு. சென்றோம். தோல் மருத்துவர் ஓர் அம்மையார். நாம் ஒப்பித்த கணக்கை முழுதும் கேட்டார்.

"ஏழு மடங்கு என்று படித்தீர்கள். எதன் ஏழு மடங்கு என்று பார்த்தீர்களா?" என்றார்.

விழித்தோம்.

"அந்த ஆய்வுகள் பெரும்பாலும் வெள்ளை நிறத்தார் வாழும் நாடுகளிலே செய்யப்பட்டவை. ஆஸ்திரேலியாவிலே இந்நோய் மிகுதி. இந்தியாவிலோ ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவு. அந்த மடங்கு உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும், சிறிய எண்ணின் ஏழு மடங்கும் சிறிய எண்தான். அதற்காக அலட்சியமும் வேண்டாம். பார்த்துவிடுவோம்" என்றார்.

பார்க்கும்போதே விளக்கினார். தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற பொருளை ஆக்கும் உயிரணுக்கள், பரவி நிற்காமல் ஓரிடத்திலே கூட்டமாகத் தங்கினால் அது மச்சம். பிள்ளைப் பருவம் தொட்டு 40 வயது வரை புதியவை தோன்றலாம். முதுமையிலே பல மங்கி மறையும். அதிலே யோகமும் இல்லை, தோஷமும் இல்லை. "எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டால் என்ன?" என்று கேட்டோம். சிரித்தார். கரும்புற்றுகள் பத்தில் ஏழு, மச்சமே இல்லாத இடத்திலேதான் புதிதாகத் தோன்றுகின்றனவாம். 117ஐயும் அறுத்தால் 117 தழும்பு மிஞ்சும், பாதுகாப்பு மிஞ்சாது!

பின் எதைப் பார்ப்பது? 1985ஆம் ஆண்டு நியூயார்க் மருத்துவர்கள் நான்கு அடையாளங்களை வகுத்தனர். ஒரு பாதி மறுபாதியோடு ஒவ்வாமை. ஓரம் கிழிந்த தாள்போல் இருத்தல். ஒரே புள்ளியில் பல நிறம். 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம். 2004இல் ஐந்தாவதைச் சேர்த்தனர்: மாற்றம். வளர்தல், நிறம் மாறுதல், அரித்தல், குருதி கசிதல். சாத்திரம் எழுதியவர் ஒரு வரியையும் பிற்பாடு திருத்தியதாகக் கேட்டதுண்டா? அறிவியல் 19 ஆண்டு கழித்தும் தன் ஏட்டைத் திறந்து, "இது விடுபட்டது" என்று எழுதுகிறது.

மச்சம் பல உடையவர்க்கு இன்னொரு வழியும் உண்டு. ஒருவர் உடலின் மச்சங்கள் ஒரு குடும்பத்தார்போல் ஒத்திருக்கும். அவற்றோடு ஒட்டாத ஒன்றையே ஐயுற வேண்டும். நம் முதுகிலே அத்தகைய ஒன்றை அம்மையார் கண்டார். மரத்துப்போக ஊசியிட்டு எடுத்து, ஆய்வுக்கு அனுப்பினார். பத்து நாள் காத்திருந்தோம். தீங்கற்றது என்று முடிவு வந்தது.

முதல் நாளே, புறப்பட எழுந்த நம்மை நிறுத்தி, "செருப்பைக் கழற்றுங்கள்" என்றார். நம்மைப் போன்ற கருநிறத்தாருக்கு மெலனின் ஒரு குடை. வெயிலின் கொடுமையைப் பெரிதும் தடுக்கிறது. இழிவென்று ஏசப்பட்ட நிறமே நமக்குக் காவல்! ஆனால், அந்தக் குடை உள்ளங்காலுக்கு உதவாது. அங்கே வரும் நோய்க்கு வெயில் காரணமன்று. நம்மவர்க்கு இந்நோய் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலே தோன்றுவதே மிகுதி. நகத்திலே கறுப்புக் கோடு நம்மவர் பலருக்கு இயல்பாகவே உண்டு, அஞ்ச வேண்டாம். ஒரே நகத்திலே புதிதாய் வந்து அகலும் கோட்டையும், நகத்தை மீறித் தோலிலே படரும் கருமையையும், காலிலே ஆறாத புண்ணையும் காட்டியாக வேண்டும். கழற்றிய செருப்பருகே நின்றபோது, நம் கண்முன் நின்றது ஒரு குதிகால்.

பாடகர் பாப் மார்லியை அறிவீர்கள். 1977இல் அவர் கால்விரல் நகத்தடியிலே இதே நோயைக் கண்டார்கள். விரலை எடுத்துவிட வேண்டும் என்றனர் மருத்துவர், அவர் இசையவில்லை. அவருடைய ரஸ்தஃபாரி சமய நம்பிக்கையும் அதற்கொரு காரணம் என்பர். 1981 மே 11ஆம் நாள் மறைந்தார், 36 வயதிலே! அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல் கரும்புற்று மூளை வரை பரவியிருந்தது. அவர் ஆழ்ந்த மதப்பற்றாளர். ஆயினும் மருத்துவத்தை மறுக்கவில்லை. உடலின் எதிர்ப்பாற்றலையே நோய்மீது ஏவும் புதிய மருந்தும், கதிர்வீச்சும், அறுவையும் பெற்றார். மேலும் ஒன்பது ஆண்டு வாழ்ந்து, 2024இல் 100 வயதிலே மறைந்தார். எல்லோர்க்கும் அந்த மருந்து எட்டாது. விலையும் மலை, பயனும் எல்லோர்க்கும் ஒன்றல்ல. ஏழைக்கு எட்டும் மருந்து ஒன்றே: முன்கூட்டிப் பார்த்தல்! 1 மில்லிமீட்டர் தடிமனுக்குள் இருக்கும்போதே வெட்டி எடுத்தால், பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கின்றனர். அதற்கு ஒரு சிறு கத்தி போதும்.

ஆகவே, படிப்பகத்திலே கூடும் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம். திங்களுக்கு ஒரு முறை, நல்ல வெளிச்சத்திலே, உடலைப் பாருங்கள். முதுகை வீட்டார் பார்க்கட்டும். உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். வயலிலே வெறுங்காலோடு உழைத்து வரும் அப்பாவின் காலையும் அம்மாவின் காலையும் கழுவி, நீங்களே பாருங்கள். மாறும் புள்ளிக்குச் சுண்ணாம்பு வேண்டாம், உப்பு மிளகு வேண்டாம். அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூடநம்பிக்கையை மேடையிலே சாடினால் கைத்தட்டல் கிடைக்கும். ஒரு குதிகாலைத் திருப்பிப் பார்த்தால் ஓர் உயிர் கிடைக்கும்.

அக்காவுக்குப் பின்னாளிலே சாதகம் பாராத திருமணம் நடந்தது. உதட்டருகே அந்த மச்சம் இன்றும் இருக்கிறது; அத்தானும் நலமாக இருக்கிறார்.

மச்சம் நாளை நடப்பதைச் சொல்லாது. இன்று நடப்பதைச் சொல்லும். சிற்றப்பாவின் குதிகால் இரண்டு ஆண்டு இடைவிடாமல் சொல்லிற்று; நாம்தான் வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தோம்.