வாலாஜாபாத் டீயும் ஷென்ஜென் போர்டும்

விடிகாலை. வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போகின்றன. பக்கத்தில் டீ குடித்த நண்பர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

பம்ப்செட்டை செல்போனில் இயக்கும் கருவி, அவர் டிசைன். விலை மலிவென்று சீனாவின் ஷென்ஜெனில் 500 செய்யச் சொன்னார். பாதி முதல் மழைக்கே மூச்சை விட்டது.

"சாம்பிள் பார்த்தீங்களா?"

"போட்டோ பார்த்தேன் சார்!"

"இங்கேயே கொடுக்கலாமே?"

"லட்சக்கணக்கில் செய்றவங்க என் 500-ஐத் தொடுவாங்களா?"

நியாயம்தான். பக்கத்தில் இருப்பதும் நிரந்தரமில்லை. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா, 2014-ல் கதவைச் சாத்தியது. அந்த இடம் பிறகு சார்ஜர் செய்யும் சால்காம்ப் கைக்குப் போனது.

காமர்ஸ் படித்த நான் சொன்னது ஒன்றுதான்: "விலை கேட்கும் முன்னே, 'கெட்டுப்போனா யார் செலவு?'னு எழுதி வாங்குங்க."

இப்போது சின்னப் பட்டறை ஒன்று பத்து சாம்பிள் தந்திருக்கிறது. நண்பரின் முதல் சோதனை? ஒரு வாளித் தண்ணீர்!