முதலில் டார்ச் வாங்குங்கள்

கல்வராயன் மலையடிவாரத்தில் என் நண்பருக்கு ரெண்டு ஏக்கர் மரவள்ளி. ராத்திரியானால் காட்டுப்பன்றிகள் வந்து கிழங்கைத் தோண்டிப் போட்டுவிடும். ‘‘துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?’’ என்று என்னிடம் கேட்டார். நானோ, தீபாவளிக்குப் பொட்டுவெடித் துப்பாக்கி பிடித்ததோடு சரி!

சட்டத்தைப் புரட்டினேன். 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தில் பயிர்க் காவலுக்கென்றே ஒன்று இருக்கிறது. ரைஃபிள் அல்ல, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், லைசென்ஸ் வேண்டும். அது கிடைத்தாலும் 1972-ம் வருட வன உயிரினச் சட்டம் குறுக்கே நிற்கும். லைசென்ஸ் துப்பாக்கிக்குத்தான், பன்றிக்கு இல்லை!

‘எதற்கும் அனுபவஸ்தர் ஒருவரைக் கேட்போம்’ என்று வெள்ளிமலைப் பக்கம் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனோம்.

‘‘எங்கப்பா விட்டுட்டுப் போன நாட்டுத் துப்பாக்கி இருந்துச்சு தம்பி. லைசென்ஸெல்லாம் கிடையாது. கருமருந்து, தேங்கா நாரு, ஈயக் குண்டுன்னு கெட்டிக்கவே நேரமாவும். சுடுறதுக்கு ஒரு நொடி. ஒருநாள் ராத்திரி சாமைக் கொல்லையில சலசலன்னு சத்தம். குறி வெச்சுட்டேன். அப்பத்தான் இருமல் கேட்டுச்சு. பன்னி இருமுமா தம்பி?’’

கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘‘என் மவன்’’ என்றார். ‘‘போலீஸ்காரங்க ஒப்படைக்கச் சொன்னப்ப முத ஆளா கொண்டுபோய்க் குடுத்துட்டேன்.’’

மலை இறங்கும் வரை நண்பர் வாயைத் திறக்கவில்லை. கள்ளக்குறிச்சி கடைவீதியில் வண்டியை நிறுத்தி, பெரிய டார்ச் லைட் ஒன்று வாங்கினார்.

நீங்களும் துப்பாக்கி வாங்கும் யோசனையில் இருக்கிறீர்களா? எந்தத் துப்பாக்கி என்பதை அப்புறம் பார்க்கலாம். இருட்டில் நிற்பது யார் என்று தெரிந்துகொள்ள முதலில் வழி செய்யுங்கள்.